முதல் பானை (அத்தியாயம் 14: அஞ்சு விசில் படம்)

போன வாரம் மாமியார் சொர்ணவல்லி சொன்ன ஒரே ஒரு வாக்கியம் இன்னும் சுகுணாவின் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

"இந்த வருசம் அய்யனார் கோயில் மொதப் பானைய எளமதி வைக்கட்டும்."

அவ்வளவுதான். சொல்லிவிட்டு மாமியார் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். பதினோரு வருஷமாக அந்த வீட்டு முதல் பானையை வைத்தவள் மூத்த மருமகள் சுகுணா. பானை பொங்கி வழியும்போது, "தேங்கா மண்டிக்காரர் வீட்டு மூத்த மருமக பானை!" என்று பூசாரி ஊருக்கே கேட்கக் கூவுவார். மற்ற பெண்கள் அதற்குப் பிறகுதான் தங்கள் பானையில் அரிசி போடலாம். வருஷம் பூராவும் அடுப்படியில் வெந்ததற்கு சுகுணாவுக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது. அதைத்தான் மாமியார் எடுத்து நேற்று வந்தவள் கையில் கொடுத்துவிட்டாள்.

சொர்ணவல்லி பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. இளைய மகன் எழிலரசன் வளைகுடா நாட்டுக்குப் போய் நாலரை வருஷம் ஆகிறது. கல்யாணமான ஏழாம் மாசம் விமானம் ஏறியவன், ஒரு லீவுக்குக்கூட வரவில்லை. மாசத்துக்கு ஒருமுறை மனைவி இளமதிக்குப் போன் செய்வான், குரல் மட்டும் வரும். முகத்தைக் காட்டச் சொன்னால் கேமரா ரிப்பேர் என்பான். அவள் கையால் வேண்டிக்கொண்டு பானை வைத்தால் பிள்ளை வந்துவிடுவான் என்பது தாயின் நம்பிக்கை.

சுகுணா போட்ட கணக்கு வேறு. திங்கட்கிழமை கோயிலில் காப்புக் கட்டுகிறார்கள். காப்புக் கட்டியவள் பொங்கல் முடிகிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அதற்குள், ஞாயிற்றுக்கிழமையே இளமதி மனசு உடைந்து குளத்தூருக்கு, அம்மா வீட்டுக்கு, பஸ் ஏறிவிட்டால்? பானை தானாகப் பழைய கைக்கு வந்துவிடும். யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

மனசை உடைக்க சுகுணாவிடம் ஒரு படம் இருந்தது.

ஆலங்குடியில் வெறும் சுகுணா என்றால் எந்த சுகுணா என்பார்கள். விசில் சுகுணா என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். 'ஆலங்குடி அக்காமார்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றியதும், அந்த வாரம் வீட்டில் உட்கார்ந்து எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று சுகுணாவின் குரல் அதில் வரும். திருக்கோகர்ணத்து நாத்தனார்மார்கள் முதல் ஆவூர் ஜெனிபர் டீச்சர் வரைக்கும் காத்திருந்து கேட்பார்கள்.

நட்சத்திரம் கொடுக்கிற பழக்கமெல்லாம் அவளிடம் இல்லை. குக்கர் விசில்தான்.

"செவ்வாக்கெழமை வர்ற டாக்டர் வீட்டுக் கதை ஒரு விசில். கீரை ஆஞ்சுக்கிட்டே பாக்கலாம், தலையத் தூக்கவே வேணாம். அந்தக் கொரியாக்காரப் புள்ளைக நாடகம் மூணு விசில். நல்லாத்தான் இருக்கு, ஆனா ராத்திரி பாக்காதீங்க, காலையில புருசன் மூஞ்சி புடிக்காமப் போயிரும். திமிங்கலத்தப் பத்தி ஒரு டாக்குமெண்டரி வந்துருக்கு, நாலு விசில். அது குட்டிய எழந்துட்டு அலையிறதப் பாத்து நான் சோத்தக் கொழைய விட்டுட்டேன்." அஞ்சு விசில் என்றால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார வேண்டும் என்று அர்த்தம். அஞ்சு விசிலை அவள் லேசில் கொடுக்க மாட்டாள்.

விசிலோடு ஒரு வசனமும் சேர்த்துக் கொடுப்பாள். வெளிநாடு போன கணவன் திரும்பாத ஒரு தொடரைப் பற்றிப் பேசும்போது, "வந்தா பாரம், வராட்டி ஏக்கம். பாரத்தவிட ஏக்கம் லேசு" என்று ஒரு தடவை சொல்லிவைத்தாள். பாதி ஊர் அதை ஸ்டேட்டஸில் போட்டது. வீட்டுக்காரன் வெற்றிச்செல்வனும் தேங்காய் மண்டி விவகாரத்திலிருந்து பங்காளிச் சண்டை வரைக்கும் எல்லாவற்றையும் அவளிடம்தான் கொண்டுவருவான். அவள் கரண்டியைக் கீழே வைக்காமலே தீர்ப்புச் சொல்வாள்.

அவளுடைய தொழில் ரகசியம் ஒன்று உண்டு, அது யாருக்கும் தெரியாது. எந்தப் படத்தையும் சுகுணா முழுசாகப் பார்த்ததில்லை. முதலில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம். திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் பார்த்தால் சீரியலில் மூணு நாள் கதை தானாக வந்துவிடாதா? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், முழுப் பானையையும் கையைவிட்டுப் பிசைந்தா பார்ப்பார்கள் என்பது அவள் வாதம். இதுநாள் வரைக்கும் யாரும் பிடித்ததில்லை. நடுவில் அப்படி என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது?

இந்த வாரப் படம் வளைகுடாவுக்குப் போன தமிழ் ஆட்களைப் பற்றிய டாக்குமெண்டரி. வெளிநாட்டுக்காரர்கள் எடுத்தது, புதிதாக நம் பக்கத்து ஆப்பில் வந்திருந்தது. ஆரம்பத்தில் விமான நிலையம், அழுகிற பெண்கள், பெட்டியைக் கயிற்றால் கட்டுகிற ஆண்கள். சுகுணா அங்கிருந்து நேரே கடைசிக்குத் தாவினாள். கடைசியில் ஒரு பெண் வந்தாள். ஆறு வருஷம் காத்திருந்தாளாம், அவனுக்கு அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டதாம். தன் கையாலேயே தாலியைக் கழற்றி உண்டியலில் போட்டதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சுகுணாவுக்கு வயிற்றில் ஒரு குளிர்ச்சி பரவியது. இது போதும் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை குழுவில் அவள் குரல் வந்தது. "அக்காமாரே, இந்த வாரம் ஒரே படந்தான். அஞ்சு விசில்! புருசன வெளிநாட்டுக்கு அனுப்பிட்டு மொகத்தக்கூடப் பாக்காம ஒக்காந்துருக்க பொம்பளைக கட்டாயம் பாக்கணும். ஏன் காட்ட மாட்டேங்கிறான்னு அப்பத்தான் தெரியும். ஞாயித்துக்கெழமை மூணு மணிக்கு எங்க வீட்டுல போடுறோம். நீங்களும் அதே நேரத்துக்கு அவங்கவங்க வீட்டுல போடுங்க. பாத்துக்கிட்டே பேசுவோம்."

பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. குழுவில் இளமதியும் இருந்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் கோழி வெந்துகொண்டிருந்தது. மறுநாள் காப்பு என்பதால் இன்றோடு கறி நிறுத்தம். அம்மியடியில் உட்கார்ந்து மிளகு அரைத்துக்கொண்டிருந்தாள் இளமதி.

"ஏ எளமதி, வெள்ளிக்கெழம நான் பேசுனதக் கேட்டியா?"

"கேட்டேங்க்கா."

"ஒன்னச் சொல்லலத்தா. பொதுவாத்தான் சொன்னேன்."

"தெரியும்க்கா." இளமதி குழவியை நிறுத்தவில்லை. "நானும் பாக்குறேன். அவரு இருக்குற ஊரு எப்புடி இருக்கும்னு பாக்க ஆசையா இருக்கு. ரோடு, கடையெல்லாம் காட்டுவாங்கள்ல?"

சுகுணாவுக்கு ஒரு நிமிஷம் என்னவோ செய்தது. பொய் சொல்லக் கூடாது, செய்யத்தான் செய்தது. உடனே பூசாரியின் குரல் காதில் கூவியது. இந்த வருஷம் அவர் 'எளய மருமக பானை' என்று கூவப்போகிறார். செய்தது நின்றுபோயிற்று.

"எல்லாங் காட்டுவாங்க" என்றாள்.

கூடத்தில் வெற்றிச்செல்வனின் போன் அடித்தது. அவன் பின்பக்கம் குழாயடியில் முகத்தில் சோப்போடு நின்றான். சுகுணா எட்டிப் பார்த்தாள். 'முத்துராஜ் தம்பி' என்று வந்தது. முத்துராஜ் மண்டியில் லோடு ஓட்டுகிறவன்.

"என்னங்க, முத்துராஜ் தம்பி கூப்புடுறாப்ல!"

அவன் சோப்பைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து போனைப் பிடுங்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனான். லோடு டிரைவர் தம்பிக்கு இவ்வளவு மரியாதையா என்று சுகுணா உதட்டைப் பிதுக்கினாள்.

திரும்பி வந்தபோது அவன் முகத்தில் சோப்பு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது.

"சுகுணா, இன்னைக்கு ஏதோ படம் போடுறியாம்ல? கல்ஃப் படம்?"

"ஆமா. ஏன்?"

"வேற ஏதாச்சும் போடேன். அந்தத் திமிங்கலம் நல்லாருக்குன்னியே."

"அது போன மாசம். ஊரு பூராவும் மூணு மணிக்குப் பாக்குறேன்னு சொல்லிருக்கு. இப்ப மாத்துனா என் பேரு என்னாகுறது?"

"அதுக்கில்ல. எளமதி பாவம். மனசு கஷ்டப்படும்."

அந்த 'பாவம்'தான் காரியத்தைக் கெடுத்தது. மாமியாருக்கும் அவள் பாவம், இப்போது கட்டியவனுக்கும் பாவம். எட்டு மாசம் பக்கவாதத்தில் படுத்துக்கிடந்த மாமனார் வெள்ளைச்சாமிக்கு மலமும் மூத்திரமும் அள்ளிப் போட்டவளை இந்த வீட்டில் ஒரு ஆள் பாவம் என்று சொல்லியிருப்பார்களா? அவர் போய் இரண்டு வருஷம் ஆன பிறகும் சுகுணாவின் கையில் அந்த டெட்டால் வாசம் இருந்தது. அல்லது அவளுக்கு இருப்பதாகப் பட்டது.

"படத்தப் பாத்தா யாரும் செத்துர மாட்டாங்க. நீங்க போயி மண்டியப் பாருங்க" என்றாள்.

அவன் போனான். போகிறபோது டிவி ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான் என்பது இரண்டே முக்காலுக்குத்தான் தெரிந்தது. வெற்றிச்செல்வனின் வீரம் அந்த அளவுக்குத்தான். சுகுணா சிரித்தாள். ரிமோட் யாருக்கு வேண்டும்? போனிலிருந்தே டிவிக்கு அனுப்பினாள். சுவரில் மாட்டிய டிவி நிறையப் படம் விழுந்தது.

*

சொர்ணவல்லி நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டு மருதாயி முறுக்குத் தட்டோடு வந்து தரையில் இடம் பிடித்தாள். இளமதி சுவரோரமாக, மடியில் முறத்தை வைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். சுகுணா வேண்டுமென்றே அவளுக்கு நேர் எதிரே, அவள் முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள். படத்தைத்தான் அவள் பார்த்தாகிவிட்டதே. அவள் பார்க்க வந்தது இளமதியை.

விமான நிலையம் வந்தது. அழுகிற பெண்கள் வந்தார்கள். போனில் குழு கலகலவென்று ஓடியது.

'அய்யோ அந்தப் பச்சப்புள்ள அழுகுதே.'

'சுகுணாக்கா, ஆரம்பமே அஞ்சு விசில்.'

"ஒவ்வொருத்தியும் இப்புடித்தான் அழுவா" என்றாள் சுகுணா, இளமதியின் காதில் விழும்படியாக. "அங்கிட்டு போனதும் அவனுக ஏசி ரூமுல ஒறங்குவானுக. இங்கிட்டு இவளுக கூரையப் பாத்துக்கிட்டுக் கெடக்கணும். மொகத்தக் காட்டாதவன் பக்கத்துல எவ மொகம் இருக்குன்னு யாரு கண்டா?"

"ஏண்டி சுகுணா, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றாள் சொர்ணவல்லி.

"நான் படத்தச் சொல்றேன் அத்தே."

இளமதியின் கை கடலையை உடைத்துக்கொண்டே இருந்தது. தொலியையும் பருப்பையும் ஒரே பக்கம் போட்டுக்கொண்டிருந்தாள். சுகுணா அதைக் கவனித்தாள். ருசியாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம், அந்தத் தாலிக்காரி வந்துவிடுவாள்.

விமான நிலையம் முடிந்தது. இதற்குப் பிறகு சுகுணாவும் பார்க்காத இடம்.

ஒரு பெரிய சமையல் கூடம். கட்டில் மேல் கட்டில் போட்ட தொழிலாளர் முகாமில், சாப்பாட்டு மெஸ். அண்டா அண்டாவாகச் சோறு. கேமரா ஒரு மூலைக்குப் போனது. அங்கே ஒருவன் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். முதலில் கை மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கை வெங்காயத்தைத் தடவி, நுனியைக் கண்டுபிடித்து, ஒரே இழுப்பில் தோலை உரித்தது.

இளமதியின் கை நின்றது.

படத்தில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. "இவ்வளவு வெங்காயமும் நீங்க ஒருத்தரா உரிக்கிறீங்க?"

"ஆமாங்க. இந்த வேலைக்கு என்னயவிட்டா ஆளு கெடையாது" என்று அவன் சிரித்தான். "மத்தவனுக்கெல்லாம் கண்ணு எரியும். எனக்குத்தான் எரிய ஒண்ணுமில்லையே."

"அது எழிலு குரலு" என்றாள் சொர்ணவல்லி.

கேமரா மேலே ஏறியது. கறுப்புக் கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே, புருவத்திலும் கன்னத்திலும் வெந்து சுருங்கிய தோல். மூக்குக்குக் கீழே எல்லாம் பழைய எழிலரசன்தான், அம்மாவைப் போலவே இடது பக்கம் கோணுகிற அந்தச் சிரிப்பு உட்பட.

இளமதி எழுந்து நின்றாள். முறம் கவிழ்ந்து கடலை கூடம் பூராவும் ஓடியது.

"கெமிக்கல் பைப்பு வெடிச்சுருச்சுங்க. வருசம் ஒண்ணாச்சு. கம்பேனிக்காரன் ஆசுபத்திரியில போட்டான், அப்புறம் வேலை இல்லன்னுட்டான். இந்த மெஸ்ஸுக்காரரு நம்ம பக்கத்து ஆளு. ஒக்காந்து சாப்புடுறான்னு யாரும் சொல்லிரக் கூடாதுல்ல, அதான் வெங்காயம்."

"ஊருக்குப் போகலையா?"

சுகுணாவின் போன் மடியில் அதிர்ந்தது. ஜெனிபர் டீச்சர். 'சுகுணாக்கா, இது உங்க கொழுந்தனார் மாதிரி இருக்கே?' அதற்குக் கீழே இன்னொன்று, அதற்குக் கீழே இன்னும் பத்து. படத்தை நிறுத்தலாம். நிறுத்துகிற பொத்தான் அவள் விரலுக்கு அடியில்தான் இருந்தது.

"வாரேன்னுதாங்க அண்ணன்கிட்ட சொன்னேன். அண்ணன் அண்ணிட்டக் கேட்டுச்சு. எங்க வீட்டுல அண்ணி வச்சதுதான் சட்டம், எல்லாத்துக்கும் சரியாச் சொல்லும். அண்ணி சொல்லுச்சாம், கண்ணில்லாதவன் வந்து என்ன செய்யப் போறான், அங்கிட்டே இருக்கச் சொல்லுங்க, பொண்டாட்டிக்காரிக்கும் சொல்ல வேணாம்னு." எழிலரசன் அடுத்த வெங்காயத்தைத் தடவி எடுத்தான். "மொதல்ல கோவமாத்தான் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். சரிதான். வந்தா பாரம், வராட்டி ஏக்கம். பாரத்தவிட ஏக்கம் லேசுன்னு அண்ணி சொன்னுச்சு பாருங்க, அது நூத்துக்கு நூறு."

மருதாயி வாயில் வைத்த முறுக்கைக் கடிக்காமல் அப்படியே எடுத்தாள்.

போன் மறுபடி அதிர்ந்தது. 'அக்கா, இது உங்க டயலாக்காச்சே.'

சுகுணாவுக்கு அந்த நாள் கண்ணெதிரே வந்து நின்றது. மாமனார் காரியம் முடிந்த சமயம். மூலையில் சுருட்டிவைத்த அவர் பாயைக்கூட இன்னும் தூக்கிப் போடவில்லை. வெற்றிச்செல்வன் அடுப்படி நிலையில் வந்து சாய்ந்து நின்றான். "முத்துராஜ் இருக்கான்ல, அவன் தம்பிக்கு வெளிநாட்டுல கண்ணு போச்சாம். வீட்டுக்குக் கூட்டியாரவான்னு கேக்குறான். என்ன சொல்றது?" என்றான். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த முத்துராஜ் வீட்டு மூத்தவள் யாரோ, அவள் தலையிலும் ஒரு பாய் விழப்போகிறது என்றுதான் நினைத்தாள். நினைத்ததைச் சொன்னாள். அப்போது சொன்ன வசனம் அவளுக்கே பிடித்துப்போய், அதே வாரம் ஒரு சீரியலுக்கும் எடுத்துவிட்டாள்.

முத்துராஜுக்குத் தம்பியே கிடையாது என்பது இப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேரும் அக்காள்கள். பெயரை மாற்றி வெற்றிச்செல்வன் கேட்டது தன் தம்பிக்காகத்தான்.

"திரும்பப் போடுங்கக்கா" என்றாள் இளமதி.

"எளமதி, நான் சத்தியமா..."

"அவரு வர்றதத் திரும்பப் போடுங்க."

சுகுணா போட்டாள். வெங்காயம், கை, சிரிப்பு, அண்ணி சொன்னுச்சு. முடிந்ததும் இளமதி மறுபடி "போடுங்கக்கா" என்றாள். மறுபடி போட்டாள். ஒவ்வொரு தடவையும் டிவிக்குள்ளிருந்து கொழுந்தன் அவளை நூற்றுக்கு நூறு என்று மெச்சிக்கொண்டே இருந்தான். அழுதுவிட்டால் தேவலை என்றிருந்தது சுகுணாவுக்கு. இளமதி அழவில்லை.

"நீங்கதானே அஞ்சு விசில் குடுத்தீங்க. நடுவுல இவரு வர்றத நீங்க பாக்கலையா?"

பார்த்தேன் என்றால் பாவி. பார்க்கவில்லை என்றால் இத்தனை வருஷம் ஊருக்குச் சொன்னதெல்லாம் பொய்.

வாசலில் பைக் நின்றது. யாரோ மண்டிக்குப் போன் செய்திருக்க வேண்டும். வெற்றிச்செல்வன் உள்ளே வந்தான். கையில் ரிமோட். சுவரில் தம்பி முகம் நின்றதைப் பார்த்ததும் அவன் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"படம் வெளிநாட்டுல மட்டுந்தான் காட்டுவோம்னு சொன்னாங்களாம்" என்றான்.

சொர்ணவல்லி மெதுவாக எழுந்தாள். மகனைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று மருதாயி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். சொர்ணவல்லி மகனை ஏறிட்டும் பார்க்கவில்லை. மூத்த மருமகள் முன்னால் வந்து நின்றாள்.

"மொதப் பானை ஒனக்குத்தான் சுகுணா. பதினோரு வருசமா வச்ச கையி. எதுக்கு மாத்தணும்? எம்மவன் கண்ணவிஞ்சு ஊரானுக்கு வெங்காயம் உரிக்கிறான், நீ பொங்க வையி. பூசாரி ஒம்பேரச் சொல்லிக் கூவட்டும். இந்தத் தெருவுல எவ ஒருத்தி அந்தச் சோத்த வாங்கித் திங்கிறான்னு நானும் பாக்குறேன்."

கேட்டது கிடைத்துவிட்டது. சுகுணா தலையைக் குனிந்துகொண்டாள். காலடியில் கடலை சிதறிக்கிடந்தது.

இளமதி குனிந்து, அவள் மடியிலிருந்த போனை எடுத்தாள். குழுவில் நூற்றுக்கு மேல் வந்து குவிந்திருந்தது. குரல் பதிவு பொத்தானை அழுத்திப் பிடித்தாள். அவள் குரலை அந்தக் குழுவில் யாரும் இதற்கு முன் கேட்டதில்லை.

"நான் சுகுணாக்கா வீட்டு எளமதி பேசுறேன். எனக்கு விசிலெல்லாம் சொல்லத் தெரியாதுங்க. படத்துல வெங்காயம் உரிக்கிறவரு என் வீட்டுக்காரரு. மொதலும் முடிவும் பாக்காட்டிப் பரவால்ல. நடுவுல உள்ளத மட்டும் எல்லாரும் பாருங்க. அண்ணின்னு அவரு சொல்றது யாருன்னு ஒங்களுக்கே தெரியும்."

விரலை எடுத்தாள். போய்ச் சேர்ந்தது.

அந்த நேரம் பார்த்து நிலைப்படியில் இன்னொரு போன் அடித்தது. வெற்றிச்செல்வன் சட்டைப் பையைக் கையால் பொத்தினான். இளமதி அவன் முன்னால் போய் நின்று கையை நீட்டினாள். ஒரு நாளும் மச்சாண்டார் முன்னால் நிமிர்ந்து நிற்காதவள். அவன் எடுத்துக் கொடுத்தான்.

திரையில் 'முத்துராஜ் தம்பி'.

காலையில் வெற்றிச்செல்வனைச் சோப்பு முகத்தோடு ஓடவைத்த அதே பெயரை இளமதி பார்த்தாள். எல்லாம் புரிந்தவளைப் போலத் தலையை ஆட்டிக்கொண்டாள். பச்சையை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, சுகுணாவின் கையில் வைத்தாள்.

"நீங்களே பேசுங்கக்கா" என்றாள் மெல்லிய குரலில். "நீங்க சொன்னாத்தான் அவருக்குச் சரியாப் படும்."

"அண்ணே" என்றது போன். பின்னால் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. "காலையில சொன்னேன்ல, அந்தப் படம் நம்ம ஊருப் பக்கமும் வந்துருச்சுன்னு. பசங்க உறுதியாச் சொல்றானுக. அண்ணி எல்லாப் படமும் பாக்குமே, அண்ணிட்டச் சொல்லி வைண்ணே. எளமதி கண்ணுல மட்டும் பட்டுறாமப் பாத்துக்கச் சொல்லு. அண்ணி மனசு வச்சா எப்புடியும் மறைச்சுரும்."

சுகுணா வாயைத் திறந்தாள்.

"அண்ணே? லைன்ல இருக்கியா?"

கூடத்தில் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.